பூந்தியின் விரதம்

"நாயே விரதம் இருக்குது. உனக்கு இட்லி கேக்குதா?"

மாமனார் சுந்தரமூர்த்தி கேட்ட கேள்வியில், கயல்விழியின் கையிலிருந்த இட்லி வாய்வரை போய்த் தட்டுக்கே திரும்பியது.

"மாமா, இது அஞ்சாம் மாசம். வயித்தக் காயப்போடக் கூடாதுன்னு டாக்டரம்மா..."

"நான் வேணாம்னா சொன்னேன்? நல்லா சாப்புடு. கிருத்திகையும் அதுவுமா, வாயில்லா ஜீவனுக்கு இருக்கற பக்தி மனுசங்களுக்கு இல்லியேன்னு சொன்னேன். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! கயல்விழிக்குக் கண்ணில் நீர் முட்டியது. மாமியார் வரலட்சுமிதான், "அவரு கெடக்கறாரு, நீ சாப்புடும்மா" என்று இன்னும் இரண்டு இட்லி வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாயில்லா ஜீவனின் பெயர் பூந்தி. கயல்விழியின் கணவன் பிரகாஷ் அரக்கோணத்திலிருந்து வாங்கி வந்த பொமேரியன் குட்டி. உடம்பு கையளவு, பிகு மலையளவு. பால் சோறு வைத்தால் முகத்தைத் திருப்பும். கோழிச் சோறு வைத்தால் கோழியை மட்டும் பொறுக்கும்.

கால்நடை டாக்டர் நிர்மலா ஒரு வழி சொன்னார். "வேளா வேளைக்கு வையுங்க. கால் மணி நேரம் பாருங்க. சாப்பிடலன்னா தட்டை எடுத்துடுங்க. நடுவுல யாரும் ஒண்ணும் குடுக்கக் கூடாது."

நாலே நாளில் பூந்தி வழிக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும் மட்டும் விதிவிலக்கு. அந்த நாட்களில் காலைச் சோற்றை மோந்துகூடப் பார்க்காது.

இதைக் கண்டுபிடித்தவர் சுந்தரமூர்த்தி. செவ்வாயும் கிருத்திகையும் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் விரதம் இருப்பதாகத் தெருவில் பெயர் எடுத்தவர். விடிந்ததும் குட்டியைக் கூட்டிக்கொண்டு ஊரிலிருக்கும் முருகன் கோயில் மலையைச் சுற்றிவிட்டு வருவார்.

"என்கூட சுத்திகினு வருதில்ல? முருகன் புடிச்சிகினாரு!"

விஷயம் தெருவெல்லாம் பரவியது. பக்கத்து வீட்டுக் கமலா வந்து பூந்தியின் நெற்றியில் விபூதி பூசினாள். பூந்தி தும்மியது. அதையும் அருள்வாக்கு என்றாள்.

இன்றைக்கும் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். கயல்விழி சோறு வைத்தாள். பூந்தி தலையைத் திருப்பிக்கொண்டது.

"அரோகரா!" என்றது கூட்டம்.

கயல்விழிக்கு மட்டும் பயமாக இருந்தது. பச்சைக் குட்டி இப்படிப் பட்டினி கிடந்தால் பிழைக்குமா? ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் எடை போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "போன மாசத்தைவிட முக்கால் கிலோ கூடுதல். விரதம் இருந்தா உடம்பு பூசுமா? யாரோ வெளியில குடுக்கறாங்க."

திரும்பும் வழியில், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோவைவிட்டு இறங்கியதுதான் தாமதம். பூந்தி இழுத்த இழுப்பில் கயல்விழி பங்காருவின் டிபன் கடைக்குள் நின்றாள். பூந்தி நேராகப் போய்க் கடைசி மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது.

பங்காரு குனிந்து பார்த்தார். "ஏய், காலையிலதான நைனாகூட வந்து துன்னுட்டுப் போன? மறுபடியுமா?"

"எந்த நைனா?" என்றாள் கயல்விழி.

"பட்டை போட்ட பெரியவரும்மா. செவ்வாயும் கிருத்திகையும் தவறவே மாட்டாரு. அவருக்கு ரெண்டு இட்லி, ரெண்டு வடை. இதுக்கு ஒரு இட்லி, நெய் தடவி." சொல்லி முடித்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "நீ அந்த வீட்டுப் பொண்ணா? நான் ஒண்ணும் சொல்லலம்மா!"

கயல்விழிக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இட்லி பார்சல் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கூடத்தில் இன்னும் கூட்டம் கலையவில்லை. நடுவில் சுந்தரமூர்த்தி விரத மகிமை பேசிக்கொண்டிருந்தார். மருமகள் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்ததும் பேச்சு பாதியில் நின்றது.

"டாக்டர் இன்னா சொன்னாங்க?" என்றாள் கமலா.

ஒரே ஒரு வார்த்தை போதும், மாமனாரின் மானம் காற்றில் பறந்துவிடும். அதைச் சொல்லத்தான் கயல்விழி வாயைத் திறந்தாள். பரீட்சையில் பிட்டு அடித்து மாட்டிக்கொண்ட பையனைப் போல சுந்தரமூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு மனசு வரவில்லை.

"பூந்தி தனியா சாப்பிடாதாம்க்கா. கூட நடக்கறவங்க எதிர்ல உக்காந்து சாப்ட்டாதான் சாப்பிடுமாம். செவ்வாயோ கிருத்திகையோ, மாமா இனிமே வீட்டுலயே சாப்பிட்டாவணும். இல்லன்னா குட்டிக்கு ஆபத்தாம்."

கூட்டம் உருகிவிட்டது. "ஒரு ஜீவனுக்காக விரதத்தையே விடறாரே!" என்று கமலா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சுந்தரமூர்த்தி மிகுந்த வருத்தத்தோடு பொட்டலத்தைப் பிரித்தார். எதிரில் பூந்தி சமர்த்தாகச் சாப்பிட்டது. அவர் தலை நிமிராமலே சொன்னார்:

"நீயும் உக்காரும்மா கயலு. புள்ளத்தாச்சி பட்டினி கெடக்கலாமா?"

தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் வந்த கயல்விழி, சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். வரலட்சுமி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்:

"பங்காரு கடைக்குப் போனியா?"

"அத்தே! உங்களுக்கு..."

"சுகர் மாத்திர போடற மனுசன். கௌரவத்த உட்டுட்டு வீட்டுல கேக்கவும் மாட்டாரு. வெறும் வயித்தோட எங்கனா மயங்கி உழுந்துட்டா? 'அவரு அந்தப் பக்கமா வந்தா, ஒண்ணும் கேக்காம கூப்ட்டு உக்கார வச்சி ரெண்டு இட்லி குடு'ன்னு பங்காருகிட்ட சொல்லி வச்சதே நான்தான்டி!"