ஏழாம் நம்பர் மரத்தடி

ஏழாம் நம்பர் மரத்தடியில் பதினோரு கன்றுகள் நின்றன.

காட்டுக் காவலர் சந்தோஷப்படவில்லை. திரும்பி மச்சினனைத்தான் பார்த்தார்.

மனிதன் வருவதற்கு முந்தைய மரம் என்பார்கள். இந்தச் சரிவை விட்டால் வேறெங்கும் கிடையாது. மொத்தம் முப்பத்தொன்று. எல்லாம் கிழடு. பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறார்: பழம் விழும், எலி தின்னும், மிச்சம் அழுகும். ஒரு முளை கண்டதில்லை.

இன்று மதியம் வனத்துறை ஆட்கள் கணக்கெடுக்க வருகிறார்கள். தானாக வந்த கன்று இருந்தால் சரிவு தப்பும். இல்லையென்றால் ரோடு போடப் போய்விடும். யாரோ கொண்டுவந்து நட்டது என்று தெரிந்தாலோ, சரிவும் போகும், காவலர் வேலையும் போகும்.

இந்த நேரம் பார்த்தா முளைக்கும்?

மச்சினனுக்கு நாற்றுப்பண்ணையில் வேலை. முட்டி மோதி இந்த இனத்தில் கொஞ்சம் கன்று முளைக்க வைத்திருக்கிறான். மண் சரிந்து பாதை மூடிய பிறகு மூன்று மாதமாக இந்தப் பக்கம் யாரும் வரவில்லை, நாற்றுக்குப் போட மக்கிய இலை அள்ள வந்த இவனைத் தவிர. அக்கா புருஷனுக்கு நல்லது செய்கிறேன் என்று கழுத்தை அறுத்துவிட்டானோ?

“நீதானேடா நட்டே?”

“என் தலைல அடிச்சுச் சத்தியம். நான் இல்ல மாமா.”

சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்புதான் காவலருக்குப் பிடிக்கவில்லை.

பண்ணையில் நாற்றுப்பையில் வளர்ந்த கன்றைப் பொய் சொல்ல வைக்க முடியாது. வேர் பையின் அடியில் முட்டி, போக வழியில்லாமல் வட்டம் போட்டுச் சுருண்டிருக்கும். பிறகு மண்ணில் நட்டாலும் அந்தச் சுருள் லேசில் பிரியாது. காவலருக்கு அது நன்றாகத் தெரியும்.

மண்டியிட்டு ஒரு கன்றின் அடியைக் கொத்தினார். விரல் விட்டுத் துழாவினார்.

சுருள் இல்லை. முளைத்த கொட்டையின் ஓடும் இல்லை.

கன்றின் அடி, கட்டைவிரல் தடிமனான ஒரு வேரில் போய் ஒட்டியிருந்தது. மண்ணைக் கிளறிக்கொண்டு, வேரைப் பிடித்தபடியே முழங்காலால் நகர்ந்தார். மண் சரிந்தபோது அடிபட்டுத் தோல் உரிந்த வேர். காயம்பட்ட இடத்திலெல்லாம் ஒரு கன்று. கடைசிக் கன்றையும் தாண்டி அது நேராக ஏழாம் நம்பர் மரத்துக்குள் போனது.

கிழம் விதையை நம்பி இத்தனை காலம் உட்கார்ந்திருக்கவில்லை. அடி விழுந்த இடத்தில் துளிர்த்தே காலம் தள்ளியிருக்கிறது.

காவலர் மண்ணைத் தள்ளி மூடினார். மச்சினனை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

“சந்தேகப்பட்டுட்டேன்டா. மனசுல வச்சுக்காதே.”

“அத விடுங்க.” மச்சினன் குனிந்து அவர் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டான். “போன மழைக்கு நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கு எங்க பண்ணையில இந்த மரத்துக் கன்னு பன்னெண்டு காணாமப்போச்சு. எலி தின்னுடுச்சுன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். அதுல ஒண்ணாவது பிழைச்சுதா மாமா?”