விமானக் கந்தோர் வாசலில்

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. கதவடியில நிண்டால் சனம் உள்ளுக்கு வராது."

"வரக்கூடாது எண்டுதானே நிக்கிறன், பிள்ளை."

கணேசலிங்கம் கையிலிருந்த மட்டையை இன்னும் உயர்த்தினார். 'இந்த விமானத்தில் ஏறாதீர்கள்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது.

அவர்களின் ஊர் இருக்கும் சின்னத் தீவின் தேசிய விமான சேவைக்கு லண்டனில் இருந்த டிக்கெட் கந்தோர் அது. வாடகை விமானங்களோடு தொடங்கிய அந்தச் சேவை இப்போது லண்டனுக்கு நேரே பறந்துகொண்டிருந்தது. அங்கே தமிழில் பேசி டிக்கெட் போடுபவள் கோதை ஒருத்திதான். ஊரில் சண்டை மறுபடி மூண்டபின் தமிழர் வருவது குறைந்துவிட்டது. இந்த மாதமும் இப்படியென்றால் தமிழுக்குத் தனி ஆள் தேவையில்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

கோதை அதையும் கணேசலிங்கத்திடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஊரை எரிச்ச அரசாங்கத்தின்ர பிளேன். அந்த வேலை போனால் நல்லது" என்றார். "சனம் துபாயால போகட்டும்."

"துபாயில அடுத்த பிளேனுக்கு விடிய விடியக் கதிரையில கிடக்கிற வயசாக்களை நீங்கள் காணேல்லை. நான் வேலையை விடமாட்டன், ஐயா."

"நானும் வாசலை விடமாட்டன்."

மத்தியானம் பெர்னடெற் என்றொரு மூதாட்டி வந்தாள். தம்பி சாகக் கிடக்கிறானாம். கணேசலிங்கம் நியாயம் எல்லாம் எடுத்துச் சொன்னார். மூதாட்டி தயங்கினாள். கோதை கதவைத் திறந்து, இன்றிரவே நேரே போகும் விமானத்தில் இடமிருக்கிறது என்றாள். மூதாட்டி உள்ளே போனாள். அடுத்து வந்த இளம் குடும்பத்தை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். கண்ணாடிக்கு உள்ளிருந்து கோதை முறைத்தாள்.

மாலையில் கோதை கந்தோரைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோதும் அவர் மழையில் நின்றார்.

"நாளைக்கும் வருவீங்களோ?"

"வராமல்? நீ?"

"நானும் வருவன்."

கணேசலிங்கம் தெருமுனைவரை நடந்து, மட்டையைக் காரின் பின் சீற்றில் வைத்தார். கூட வந்த கோதைக்கு முன் கதவைத் திறந்துவிட்டார்.

"கெதியா ஏறு, அம்மா புட்டு அவிச்சு வைச்சுப் பாத்துக்கொண்டிருப்பா. காலமை நேரத்துக்கு எழும்பு. உன்னை வேலைக்கு இறக்கிவிட்டாத்தானே நான் மட்டையைத் தூக்கலாம்."