பின்வாசல் வியூகம்

எதிரியையும் மேடையில் ஏற்றப் போவதாக மருமகன் சொன்னபோது, கர்னல் சட்டைக் காலரில் மைக்கைக் குத்திக்கொண்டிருந்தார்.

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல மாமா. ரெண்டு பக்கமும் ஒரே மேடையில. இதுவரைக்கும் யாரும் பண்ணதில்ல."

கர்னல் குத்திய மைக்கைக் கழற்றி மறுபடி குத்தினார்.

அரங்கு முழுக்கத் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்பவர்கள். தலைமைப் பண்பு கற்றுக்கொண்டு வரும்படி அவர்களை நிறுவனம் அனுப்பியிருந்தது. முன்வரிசை ஓரத்தில் சம்பந்தி, அதாவது மருமகனின் அப்பா. கர்னல் குன்று பிடித்த அதே போரில் பக்கத்துப் படைப்பிரிவை நடத்தியவர். குண்டு பட்ட இடது காலை நீட்டிக்கொள்ள அந்த இடம்தான் அவருக்குத் தோது. மகன் நடத்தும் பயிற்சி வகுப்பு ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

கர்னல் ஆரம்பித்தார். திரையில் குன்றின் படம் வந்தது. கீழிருந்து மேலாக ஒரு சிவப்பு அம்புக்குறி வளைந்து போயிற்று.

எதிராளி முன்வாசலில் காவல் இருப்பான், நீங்கள் பின்வாசலைத் தேடுங்கள் என்றார். வாடிக்கையாளர் மனதுக்கும் ஒரு பின்வாசல் உண்டு என்றார். அன்று தன் ஆட்கள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை என்றார். விற்பனையாளர்கள் குறித்துக்கொண்டார்கள்.

நடந்தது வேறு.

அன்று விடியற்காலைப் பனிமூட்டத்தில் வழி தவறிவிட்டது. முன்பக்கம் ஏற வேண்டிய குன்றில் பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கியதை வைத்துத்தான் ஏறுகிறோம் என்பதே தெரிந்தது. ஒருவரையொருவர் திட்டிக்கொண்டும் முட்டிக்கொண்டும் உச்சிக்கு வந்தபோது அங்கே உருவங்கள் அசைந்தன. பயத்தில் ஒருவன் சுட்டான். உடனே எல்லோரும் சுட்டார்கள். மேலே இருந்தவர்கள் மறுபக்கச் சரிவில் விழுந்தடித்து ஓடினார்கள்.

பனி விலகியபோது குன்று இவர்களுடையது.

எப்படிப் பிடித்தீர்கள் என்று மேலிடம் கேட்டது. பின்பக்கமாக என்றார். அவர் சொன்னது அந்த ஒரு சொல்தான். வியூகம் என்று பெயர் வைத்து, பதக்கம் குத்தி, ராணுவக் கல்லூரியில் பாடமாக்கியதெல்லாம் மேலிடம்.

இப்போது அந்த எதிரி படியேறி வந்துகொண்டிருந்தார். ஒல்லியான, நறுக்கென்று உடுத்திய கிழவர். மேலே இருந்து எல்லாக் கூத்தையும் பார்த்த ஆள். ஒரு வார்த்தை போதும், இத்தனை வருஷத்துக் கௌரவமும் காற்றில் போய்விடும். கர்னல் கைகுலுக்கினார்.

எதிரி இந்தப் பக்கத்துப் பாஷையை இலக்கணச் சுத்தமாகப் பேசினார். கைதிகளை விசாரிக்கக் கற்றுக்கொண்டதாம். கைதி ஒருவரும் சிக்காததால் இன்றுதான் முழுதாகப் பயன்படுகிறது என்றார். அரங்கு சிரித்தது.

பின்வாசல் வியூகத்தைப் போல நுட்பமான தாக்குதலைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார். அதை நொடியில் புரிந்துகொண்டு, ஓர் ஆளைக்கூட இழக்காமல் கீழே இறங்கியதுதான் தன்னுடைய சாதனை என்றார். அவருடைய நாட்டில் அதற்குத் 'தந்திரப் பின்வாங்கல்' என்று பெயர். வங்கி மேலாளர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்.

கர்னலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் தட்டும் கையுமாக எதிரியை ஒரு மூலைக்கு அழைத்துப் போனார். சம்பந்தியும் கைத்தடியை ஊன்றி வந்து சேர்ந்தார். மூன்று பேருமே ராணுவத்துக்காரர்கள் என்ற உரிமையில், கர்னல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: அவ்வளவு பனியில், நாங்கள் வருவது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

எதிரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நாங்கள் அந்தக் குன்றில் ஏறவே இல்லை, ஐயா. ஆற்றில் வெள்ளம். அக்கரையிலேயே உட்கார்ந்திருந்தோம்."

எதிரிகளைக் குன்றிலிருந்து விரட்டிவிட்டோம் என்று உங்கள் வானொலிதான் சொன்னது என்றார். குன்றை ஏன் விட்டீர்கள் என்று அவருடைய மேலிடம் குதித்திருக்கிறது. போகவே இல்லை என்றால் தண்டனை. பின்வாங்கினோம் என்றால் பாராட்டு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

சொல்லிவிட்டுச் சிரித்தார். கர்னலும் விழுந்து விழுந்து சிரித்தார். தானும் வழி தவறியவன்தான் என்று சொல்ல வாய் எடுத்தார்.

எடுத்த வாய் அப்படியே நின்றது.

மேலே ஆட்கள் இருந்தார்களே.

சம்பந்தி தட்டை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"பின்னாடி வந்தவங்க நம்ம பாஷையிலதான் திட்டிக்கிட்டு வந்தாங்க, சம்பந்தி. என் பசங்க ரெண்டு பேரு, நம்மாளுங்கதான்னு சந்தோஷமா கையை ஆட்டிக்கிட்டு எழுந்தாங்க. அவங்க உடம்பைத் தூக்கிக்கிட்டுத்தான் கீழ ஓடினோம்."

அவர் குரலில் கோபம் இல்லை. பிடிக்கச் சொன்னது அடுத்த குன்றை. அவரும் பனியில் வழி தவறித்தான் அங்கே ஏறியிருந்தார். உண்மையைச் சொன்னால் விசாரணை வரும். அந்த இரண்டு பையன்களின் வீட்டுக்கும், எதிரி சுட்டான் என்று சொல்வதுதான் மரியாதையாக இருந்தது. அவ்வளவுதான் என்பதுபோல் மறுபடி தட்டை எடுத்துக்கொண்டார்.

தெரிந்தேதான் என் பெண்ணைக் கேட்டு வந்தீர்களா என்று கர்னலால் கேட்க முடியவில்லை. மருமகன் வந்து, கேள்வி நேரம் என்று மூவரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனான்.

நடுவரிசையில் ஓர் இளம்பெண் எழுந்தாள். அந்தச் சண்டையில் உங்கள் பக்கம் சேதம் எவ்வளவு என்று கேட்டாள்.

கர்னல் காலர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். நெடுநேரம் நின்றார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து அரங்கு அமைதி காத்தது.

பிறகு, சேதம் எதுவும் இல்லை என்றார்.

முதலில் கைதட்டியது சம்பந்திதான்.