அம்மனுக்கு எந்த ஷிப்ட்?

"என்ன வேணும் தாயே?"

எனக்கு அம்மை போட்டிருந்தபோது, அம்மா என் கால்மாட்டில் கைகூப்பி நின்று இப்படித்தான் கேட்டாள்.

அம்மை போட்ட உடம்பில் அம்மன் இருக்கிறாள். அவள் கேட்பதை இல்லை என்று சொல்லக் கூடாது. நாஞ்சில் நாட்டிலிருந்து கரமனைக்குக் குடிவந்தபோது பாத்திரங்களோடு அம்மா கொண்டுவந்த முறை அது.

எனக்கு அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை. தனி அறையில் உட்கார்ந்து எழுதலாம் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். அதைத்தான் கேட்க நினைத்தேன். வெட்கமாக இருந்தது. நுங்கு வேண்டும் என்று சொன்னேன்.

நுங்கு கிடைத்தது. பள்ளிக்கூடம் அதோடு நின்றது.

சில வருஷம் கழித்து அம்மன் மறுபடி வந்தாள். இந்த முறை லிங்கராஜ் அண்ணனின் மனைவி, அஜிதா மைனியின் உடம்பில்.

மைனிக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை கிடைத்திருந்த நேரம். கிரேன் இயக்கும் வேலை. மேலே ஏற வேண்டாம். அறைக்குள் திரையைப் பார்த்துக்கொண்டே கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி இறக்க வேண்டும். ராத்திரி ஷிப்டும் உண்டு.

போகக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மா சொன்னால் சரி என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

உடம்பில் முத்து கண்டதும் அம்மாவுக்கு ஒரே நிம்மதி. அம்மனே தடுத்துவிட்டாள் என்றாள். குணமான பிறகு வந்து சேர்ந்தால் போதும் என்று துறைமுகத்திலிருந்து போனில் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

வாசலில் வேப்பிலை செருகினோம். அடுக்களையில் கடுகு வெடிப்பது நின்றது. அண்ணன் வேலை செய்யும் கடையின் மாடிக்குப் படுக்கப் போனான். ஏற்கெனவே வந்துபோனதால் எனக்கு வராது, நானே மைனியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். இதுவரை வராத அம்மாவைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

அம்மன் என்ன ஜலதோஷமா தொற்றுவதற்கு என்று அம்மா வெளியே வந்தபிறகு கேட்டாள்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றிக்கொண்டு மைனியின் கால்மாட்டில் போய் நின்றாள். என்ன வேணும் தாயே என்று கேட்டாள்.

மைனி கண்ணைத் திறக்கவில்லை.

"வேலைக்குப் போணும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன்.

"அது எங்க மருமவளுக்க ஆசையாக்கும். உனக்கு என்ன வேணும்னு சொல்லு தாயே. இளநியா? பானக்காரமா?"

"ஷிப்ட் எதானாலும் செரி."

அதன்பிறகு அம்மா விடவில்லை. கால்மாட்டிலிருந்து கட்டிலுக்கு வந்தாள். கட்டிலிலிருந்து தலைமாட்டுக்கு நகர்ந்தாள். மைனியின் வாயருகே காதை வைத்துக்கொண்டு பேரம் பேசினாள். பொங்கல் வைக்கிறேன் என்றாள். பட்டுச் சாத்துகிறேன் என்றாள். அம்மன் துறைமுகத்தை விட்டு இறங்கவில்லை.

கடைசியில் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, சரி தாயே, போ என்றாள்.

விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. அடுத்த வீட்டுக் கோலப்பன் மாமா வேப்பிலையைத் தாண்டி வராமல் கேட்டுக்கு அப்பால் நின்று கேட்டார்.

"மங்கலம், அம்மனுக்கு டே ஷிப்டா, நைட் ஷிப்டா?"

அம்மன் இருக்கும் வீட்டில் சண்டை போடக் கூடாது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மைனிக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டோம். தழும்புகள் காய்ந்தன. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தார். வேலைக்குச் சேரும் நாளும் வந்தது.

அன்று காலையில் அம்மாவின் கழுத்தில் முதல் முத்து.

பேரம் பேசப் போன இடத்தில் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அம்மா பயப்படவில்லை. காய்ச்சலிலும் முகம் தெளிவாக இருந்தது. இனி அவள் சொல்வதுதான் அம்மன் சொல்வது. போகாதே என்று ஒரு வார்த்தை போதும். துறைமுகமே வந்து நின்றாலும் மைனி இந்த வீட்டுப் படியிறங்க முடியாது.

ஒரே ஒரு சிக்கல். அம்மன் தானாக வாய் திறக்கமாட்டாள். யாராவது கைகூப்பி நின்று கேட்க வேண்டும். கேட்காமல் சொன்னால் அது வெறும் மாமியார் பேச்சு.

மைனி குளித்து, துறைமுகத்தில் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அறைக்குள் வந்தாள். அம்மாவின் படுக்கையில் புது வேப்பிலை பரப்பினாள். தலையணையைத் திருப்பிப் போட்டாள்.

நாக்கு வறளுது என்றாள் அம்மா. மைனி இளநீரை டம்ளரில் ஊற்றி, தலையைத் தாங்கிக் குடிக்க வைத்தாள்.

மனசுக்குள்ள ஒண்ணு கெடக்கு என்றாள் அம்மா. மைனி வேப்பங்கொத்தால் மெல்ல விசிறினாள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் மக்களே, உனக்கு ஒண்ணும் கேக்காண்டாமா?"

நான் வேப்பங்கொத்திலிருந்து இலைகளை உருவிக்கொண்டிருந்தேன். எனக்கு வாயே கிடையாது என்று அம்மாதான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதை நான் பொய்யாக்கவில்லை.

மைனி விளக்கேற்றினாள். கால்மாட்டில் போய் நின்று கைகூப்பினாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் தயாராகப் பிரிந்தன.

மைனி குனிந்து அம்மாவின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நிமிர்ந்து, பையைத் தோளில் மாட்டினாள்.

அம்மை கண்ட வீட்டிலிருந்து இறங்குகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. அதுவும் அம்மா கொண்டுவந்த முறைதான்.

மைனி ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனாள்.