ஆளில்லாத சீட்

“ரிப்பேரெல்லாம் வேணாம் தம்பி. அந்த விளக்கு எரியாம இருந்தா போதும்.”

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. காரை யார் தலையிலாவது கட்டப் பார்க்கிறவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள். கேட்டவரோ தையல்காரர். ஊசிக்கும் நூலுக்கும் நடுவிலேயே தலை நரைத்துப் போனவர். ஆளைப் பார்த்தால் பசு, புத்தி மட்டும் இப்படி!

“சார், அது ஏர்பேக் விளக்கு. பக்கத்து சீட்ல ஆள் இல்லைன்னாலோ, சின்னப் பிள்ளைங்க உட்கார்ந்தாலோ, அந்தப் பக்கம் ஏர்பேக் விரியாதுன்னு சொல்லத்தான் எரியுது. பெரியவங்க உட்கார்ந்தா தானா அணைஞ்சிடும். கறுப்பு டேப் ஒட்டி மறைக்கிற வேலையெல்லாம் என்கிட்ட கிடையாது.”

“என் சம்சாரம் உட்கார்ந்தாலும் எரியுதே! சில நாள் எரியுது, சில நாள் எரியலை.”

“அப்போ சீட்ல ஏதோ கோளாறு. காரை விட்டுட்டுப் போங்க, பார்க்கறேன்.”

சாயங்காலம் வரை குடைந்து பார்த்தான். வயரில் பழுதில்லை. சீட்டுக்குள் எடை பார்க்கும் கருவியும் சரியாகத்தான் இருந்தது. இவன் உட்கார்ந்தால் விளக்கு அணைந்தது, எழுந்தால் எரிந்தது. ஷெட்டில் பெயிண்ட் வேலை பார்க்கும் மச்சானைப் பிடித்து உட்கார வைத்தான். அப்போதும் ஒழுங்காக அணைந்தது.

கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். சீட்டுக்கு அடியில், ஒரு பழந்துணியில் சுற்றி வைத்த இரும்பு இஸ்திரிப்பெட்டி. தூக்கினால் கை கடுத்தது.

அதைப் பார்த்ததும் மச்சான் பின்வாங்கினான். “மாப்ளே, பக்கத்துல இரும்பு எதுக்கு வைப்பாங்க தெரியுமா? பேய் அண்டாம இருக்கத்தான்!”

“சும்மா இருடா.”

“நல்லா யோசிச்சுப் பாரு. காரு சரியாத்தான் சொல்லுது. சம்சாரம் சம்சாரம்ங்கறாரே, அந்தம்மாவைத் தெருவில யாராவது பார்த்து எத்தனை மாசமாச்சு? உட்கார்றது ஆளே இல்லைன்னா விளக்கு எரியத்தானே செய்யும்?”

மெக்கானிக் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தான். ‘அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, உட்கார வச்சுப் பார்ப்போம்’ என்று சொல்லி, காரைத் தையல்காரரிடம் கொடுத்தனுப்பினான்.

மறுநாள் மத்தியானம் கார் ஷெட் வாசலில் வந்து நின்றது.

மெக்கானிக் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தான். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஒரு சால்வை கிடந்தது. அதன் குறுக்கே பெல்ட் மாட்டியிருந்தது. தையல்காரர் அந்தச் சால்வையின் பக்கம் திரும்பி, என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மச்சான் பிரஷ்ஷை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

வேறு வழியில்லை, மெக்கானிக் கிட்டே போனான். காரின் கோளாறைச் சொல்லும் ஸ்கேனரை மாட்டினான். அதுவும் அதையேதான் சொன்னது: சீட் காலி.

சால்வை அசைந்தது.

“வாங்க தம்பி.”

அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சால்வைக்குள் ஒரு முகம் இருந்தது. குச்சி குச்சியாக இரண்டு கைகள் இருந்தன. அவ்வளவுதான் மிச்சம். ஆனால் போட்டிருந்த உடுப்பு மட்டும் நேற்று அளவெடுத்துத் தைத்ததுபோல் கச்சிதமாக இருந்தது.

“என்னங்க, தாகமா இருக்கு. உள்ள கொஞ்சம் தண்ணி கேட்டு வாங்கிட்டு வாங்களேன்.”

கணவரின் தலை மறைந்ததுதான் தாமதம், அந்தம்மா பரபரத்தார். “தம்பி, சீட்டுக்கடியில ஒரு பெட்டி இருக்கு. எடுத்து என் மடியில வைங்க. சீக்கிரம்!”

வைத்தான். விளக்கு அணைந்தது.

“அவரோட பழைய பெட்டி. கரன்ட் பெட்டி வந்ததும் கடை மூலையில கிடந்துச்சு. அவர் அந்தப் பக்கம் சுத்தி வந்து ஏறுறதுக்குள்ள, மடியில தூக்கி வச்சு சால்வையால மூடிக்குவேன். இப்போதான் சில நாள் தூக்க முடியலை.”

“எதுக்கும்மா இந்தப் பாடு?”

“உடம்பு தேறிட்டு வருதுன்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். இந்த விளக்கு காட்டிக் கொடுத்துடுது. யார் செஞ்ச புண்ணியமோ, உடுப்பெல்லாம் இன்னும் கச்சிதமா நிக்குது. அதனால நான் இளைச்சது அவருக்குத் தெரியலை.”

“ஒரு பிரேக் போட்டா இந்தப் பெட்டியே ஆபத்தும்மா.”

“எனக்கா தம்பி ஆபத்து?” என்று சிரித்தார். நேற்று மச்சான் சொன்ன பேய்க்கதை தேவலாம் போலிருந்தது மெக்கானிக்குக்கு.

அவனுக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான். தண்ணீரோடு வந்த தையல்காரரைப் பாதியிலேயே மறித்தான்.

“சார், அந்த இஸ்திரிப்பெட்டி...”

தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். “தினமும் காரைச் சுத்தி வர்றப்போ கண்ணாடி வழியா பார்க்கறேன் தம்பி. மூச்சு வாங்க வாங்கத் தூக்கறா. விளக்கு எரியலைன்னா தூக்க மாட்டாள்ல? அதுக்குத்தான் அணைக்கச் சொன்னேன்.”

“அப்போ அவங்க இளைச்சது உங்களுக்கு...?”

“தையல்காரன்கிட்டயா மறைக்க முடியும்? அவ தூங்கினதும் அந்த உடுப்பையெல்லாம் பிடிச்சுத் தைச்சு வைக்கறது யாருன்னு நினைச்சீங்க?”

மெக்கானிக் இழுப்பறையைத் திறந்து கறுப்பு டேப்பை எடுத்தான்.