பச்சை அரக்கு

மகளின் முகத்தைப் பார்த்ததும் மான்சு தோளிலிருந்த சிப்பி மூட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பெண்டாட்டியை ஓங்கி அறைந்தான்.

சிப்பி வாங்கத் தீவுக்குப் போனவன் மூன்று நாள் கழித்து அப்போதுதான் தோங்யங் துறையில் படகிறங்கி வந்திருந்தான். பதினாறு வயது கொப்தானுக்குக் கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கிக் கிடந்தது. கன்னம், கழுத்து எல்லாம் கொப்புளம்.

காரணத்தை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பச்சை அரக்கு, மரத்தைக் கீறி எடுத்த காய்ச்சாத பால். மரப்பெட்டிகளுக்கு அதைப் பூசிவிட்டுத்தான் அவன் மேலே சிப்பியைக் கொக்காகவும் பைன் மரமாகவும் அறுத்துப் பதிப்பான். இருபது வருஷத்தில் அவன் கைக்குப் பழகிவிட்டது. பழகாத தோலில் பட்டால் வெந்துபோகும்.

சித்திதான் தன் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு முகமெல்லாம் அதைத் தேய்த்தாள் என்று, அவன் உள்ளே நுழைந்ததுமே கொப்தான் விக்கி விக்கிச் சொல்லியிருந்தாள்.

தெருவே வாசலில் கூடிவிட்டது. கோசாங் ஊரிலிருந்து இரண்டாம் தாரமாக வந்தவள் அந்தச் சித்தி. பெண் அழகாக வளர்ந்தது பொறுக்கவில்லை, மூத்தாள் பிள்ளை என்றால் இப்படித்தான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள்.

"ஏன்டி இப்படிப் பண்ணே?" என்று மான்சு கேட்டான்.

கோசாங்காரி குனிந்து, மூட்டையிலிருந்து சிதறிய சிப்பிகளைப் பொறுக்கினாள். விடிந்ததும் பிறந்த வீட்டுக்குப் போய்விடு, இனி என் முகத்தில் விழிக்காதே என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது தெருத் தலைவர் ஓக் வந்தார். கூடவே இடுப்பில் வாளோடு, நாட்டை ஆளும் ஜப்பான்காரர்களின் போலீஸ்காரன் ஒருவன்.

ஓக் காகிதத்தைப் பிரித்தார். ஜப்பானில் தொழிற்சாலை வேலை, மூன்று வேளையும் அரிசிச் சோறு, இந்தத் தெருவிலிருந்து ஆறு பெண்கள், உன் மகள் பெயர்தான் முதலில் என்றார்.

போன வருஷம் மேலத்தெருவிலிருந்து இதே தொழிற்சாலைக்கு இரண்டு பெண்கள் போனார்கள். இன்றுவரை ஒரு கடிதம் இல்லை. அனுப்ப மாட்டேன் என்று மறித்த ஒருத்தியின் அப்பனும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பவில்லை.

கொப்தானை வெளியே அழைத்தார்கள். சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். போலீஸ்காரன் இரண்டடி பின்வாங்கி, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தான். ஓக் காகிதத்தில் அவள் பெயரை அடித்தார்.

"நாசமாப் போறவளே, வயிறாரச் சோறு திங்க வேண்டிய பொண்ணை இப்படிக் கெடுத்துட்டியே" என்று கோசாங்காரியைத் திட்டிவிட்டு, மான்சுவிடம் சொன்னார்: "அடுத்த மாசம் வர்றோம். அதுக்குள்ள ஆறிடும்."

அவர்கள் போனபிறகும் மான்சு நின்ற இடத்திலேயே நின்றான். திரும்பியபோது அவள் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் அவன் விரல்கள் ஐந்தும் பதிந்திருந்தன.

ஓக் வீட்டில் துணி துவைக்கப் போன இடத்தில் அவர் அந்தப் பெயர்களை வாசித்தது அவள் காதில் விழுந்திருக்கிறது. அதைக்கூட அவன் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாள்.

"நேத்தே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றான்.

"சொல்லியிருந்தா நீங்க அறைஞ்சிருக்க மாட்டீங்க. நான் கொடுமைக்காரின்னு தெருவும் நம்பியிருக்காது."

போகாதே என்று அவள் கையைப் பிடித்தான். அவள் மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"இப்ப என்னை வெச்சுக்கிட்டீங்கன்னா ஓக் மோப்பம் பிடிச்சிடுவான். நான் போயிடறேன். புண் ஆற இருபது நாள் ஆகும். ஆறினதும் மறுபடியும் பூசணும். அலறுவா, கையைக் கடிப்பா. விட்டுடாதீங்க" என்றாள். "இந்தத் தடவை நீங்கதான் பூசணும்."