ஆம்ப்ளிஃபயருக்குச் சளி

“இன்னிக்கு அந்த மெக்கானிக்கை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் வருவேன்” என்று சொல்லிவிட்டு டெய்லரம்மா கிளம்பினாள். வாடகைக் காரில் அவளுக்குப் பக்கத்தில் பழைய ஆம்ப்ளிஃபயர் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

கண்ணாடி வால்வுகள் எரியும் அந்தக் காலத்துப் பெட்டி. அவள் புருஷன் கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கியது. அதனால் அவள் அதை ‘மூத்த தாரம்’ என்றுதான் சொல்வாள். வாரம் தவறாமல் அதைத் துடைப்பார். வீட்டில் வேறு எதையும் அவர் துடைத்து அவள் பார்த்ததில்லை.

அவர் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர். கிட்டாரை மடியில் படுக்கப் போட்டு, வழவழப்பான இரும்புத் துண்டைக் கம்பிமேல் நகர்த்தி ஸ்வரத்தை இழுப்பார். அதனால் கூட வாசிப்பவர்களிடம் ‘இழுவை’ என்றே பெயர். பேச்சிலும் இழுவைதான் என்பது டெய்லரம்மாவின் கட்சி. ஆனாலும் அவர் இழுக்க, அந்தப் பெட்டி பாட ஆரம்பித்தால், அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். புதுப் பெட்டிகளில் சத்தம் வரும். இதில் குரல் வரும்.

இப்போது அந்தக் குரலுக்குத்தான் கேடு. “ஆம்ப்ளிஃபயருக்குச் சளி பிடிச்சிருக்கு. மேல் ஸ்வரமெல்லாம் அடைச்சுக்கிட்டு வருது” என்று ஒரு வருஷத்தில் மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டார். அவளுக்கு எப்போதும் போலத்தான் கேட்டது. துணி வெட்டுகிற நமக்கு ஸ்வரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டாள். மற்றபடி, தலைமாட்டில் போன் அடித்தாலும் எடுக்க மாட்டார், கெட்டில் விசிலடித்து வற்றினாலும் எழுந்திருக்க மாட்டார். வாசிக்கிற மனுஷன் நினைப்பு வேறெங்கோ இருக்கும் என்று அவள் விட்டுவிடுவாள்.

சனிக்கிழமை கச்சேரி. அதற்குள் சரியாகவில்லை என்றால் கிட்டாரைப் பூட்டி வைத்துவிடப் போகிறாராம். அதைச் சொன்னபோது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்துத்தான் அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

கடையில் மெக்கானிக் மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, “வாங்கம்மா” என்றார். டெய்லரம்மா மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். இரண்டு தடவை பார்த்தும் சரியாகவில்லை, இவர் கை ராசி அப்படி, அவரோடு கூட வாசிக்கிற இரண்டு பேர் தங்கள் பெட்டியை வேறு கடைக்கு மாற்றிவிட்டார்கள், அதுவும் இழுவை சொல்லித்தான்.

மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “தப்பு என்மேலதாம்மா. இந்தத் தடவை சரி பண்ணிடறேன்” என்றார். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. சண்டை போட வந்தவளுக்கு அது சப்பென்று போய்விட்டது.

அவர் பெட்டியைத் திருப்பி மேஜைமேல் வைத்தார். அப்போதுதான் அவள் கண் அதன் பக்கவாட்டில் விழுந்தது. முதல் ரிப்பேரின்போது வால்வு சூடு போவதற்கென்று அவர் வெட்டிய சின்ன ஜன்னல். முன்பக்கம் மாதிரியே அதிலும் துணி. ஆனால் முப்பது வருஷம் துணியோடு மல்லுக்கட்டியவளை ஏமாற்ற முடியுமா? புதுத் துணி, டீத்தண்ணீரில் நனைத்துப் பழசாக்கியது. விளிம்பில் நகத்தை விட்டு விலக்கினாள். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர், வாசிப்பவர் உட்காரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

“சூடு போற ஜன்னலா இது?”

மெக்கானிக் சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து இணைத்து, ஒரு கம்பியைத் தட்டினார். எதிரில் நின்ற அவளுக்குத் தேனாக வந்தது. பிறகு அவளைப் பக்கவாட்டில் முக்காலியில் உட்காரச் சொல்லி, அதே கம்பியைத் தட்டினார். காதில் ஊசி ஏற்றிய மாதிரி இருந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

“இதைத்தான்... பத்தலைங்கறாரா?”

“ஆமாம்மா.”

போனும் கெட்டிலும் ஒன்றாக ஞாபகம் வந்தன. அவள் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மெக்கானிக் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

முதல் தடவை பெட்டி முழுக்கப் பிரித்துப் பார்த்தாராம். பழுது ஒன்றுமில்லை. வாசித்துக் காட்டச் சொன்னபோது பக்கத்திலேயே போன் அடித்தது, இழுவை திரும்பவே இல்லை. அப்போதே புரிந்துவிட்டது. ஜனங்களுக்கு முன்பக்கக் குரல் கெடக் கூடாது, அவருக்கும் கேட்க வேண்டும் என்று யோசித்துத்தான் அந்த ஜன்னல்.

“இதை அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமே. ஊரெல்லாம் உங்களைத் திட்டறாரே.”

“பெட்டி கெட்டுப்போச்சுன்னா ரிப்பேர் பண்ணிக்கலாம்னு இருப்பார். காதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே கிட்டாரை மூடிடுவார். சனிக்கிழமை நல்லா வாசிக்கட்டும். அந்தத் தெம்போட திங்கட்கிழமை காது டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். திட்டு ஒண்ணும் பண்ணாதும்மா, வால்வு பக்கத்துலயே உக்காந்து சூடு பழகின உடம்பு.”

சொல்லிக்கொண்டே ஜன்னலுக்குள் இருந்த ஸ்பீக்கரின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்ட ஒரு திருகைத் திருகினார். டெய்லரம்மா தன் பையிலிருந்து ஊசியை எடுத்து, பிரித்த துணியைத் தையல் தெரியாமல் தானே தைத்துக்கொடுத்தாள்.

வீட்டில் இழுவை நாலு ஸ்வரம் இழுத்தார். முகம் மலர்ந்துவிட்டது. பெட்டியைத் தட்டிக்கொடுத்தபடி, “பார்த்தியா, திட்டினாத்தான் வேலை நடக்குது. அந்த ஆளை நல்லாக் கேட்டியா?” என்றார்.

அவள் அவர் பக்கத்தில் வந்து, கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னாள்:

“நல்லாக் கேட்டேங்க. தப்பெல்லாம் அவர் மேலதானாம்.”